வெப்பப் படமும் நம்மவர் பாதமும்

விழா மலர் என்றால் கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், தலைமை தாங்கிய பெரியார்களின் தொண்டும், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகளும் அதில் இடம்பெறுதல் மரபு. அவை இடம்பெற வேண்டியனவே. ஆயினும், பழைய மாணவர் என்னும் பெயருக்குரிய நாம் ஆண்டுக்காண்டு முதுமையை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றோம். அந்நடைக்கு ஆதாரமாகிய பாதங்களைப் பற்றி மட்டும் நாம் பேசுவதேயில்லை. ஆதலின் இம்மலரின் சில பக்கங்களை அப்பொருளுக்கு ஒதுக்குதல் தகும் எனக் கருதுகின்றோம். தோலின் வெப்பத்தைப் படமாக்கி, அதன் வாயிலாகத் தோலினுள் ஓடும் குருதியின் ஏற்றத்தாழ்வை அறியும் முறை ஒன்று இக்காலத்தில் வளர்ந்து வருகின்றது. அதன் சிறப்பு யாது, அதன் எல்லை யாது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர்க்கு அதனாற் பயன் உண்டா என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

உடலின் சூட்டைக் கொண்டு நோயை அறிதல் புதிய வழக்கம் அன்று. காய்ச்சலுற்ற பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்க்காத தாய் நம் நாட்டில் இல்லை. பண்டைக் கிரேக்க வைத்தியர் நோயாளியின் உடலில் ஈரக் களிமண்ணைப் பூசி, எவ்விடத்து மண் முதலில் உலர்கின்றதோ அவ்விடத்தே நோய் உளது எனத் துணிந்தனர் என்பர். விஞ்ஞானம் இத்துறையிற் கால் வைத்தது 1800 ஆம் ஆண்டில். வில்லியம் ஹேர்செல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றின் ஒளியைக் கண்ணாடி அரியத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். செந்நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்தில், வெப்பமானி மேலும் உயரக் கண்டார். அங்கே விழுந்த கதிரையே இன்று செந்நிறக் கீழ்க்கதிர் என்கின்றோம்.

நம் உடலும் அக்கதிரை இரவும் பகலும் வீசிக்கொண்டேயிருக்கின்றது. அதன் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு. தோல் வெப்பமுற்றால் கதிர் மிகும், குளிர்ந்தால் குறையும். இதனை உணரும் நுண்ணிய உணரிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி அமைத்த கமராவே வெப்பப் படக்கருவி. ஒரு பாகையின் பத்திலொரு பங்கினும் குறைந்த வேறுபாட்டை அது பிரித்துக் காட்ட வல்லது. தோலைத் தொடாது, ஊசி குத்தாது, ஊடுகதிர் எதனையும் உடலுட் செலுத்தாது. உடல் தானே வீசும் கதிரை வாங்கிக்கொள்வதன்றி வேறொன்றும் செய்யாது. இன்னுமொரு செய்தி இன்பந் தருவது. மனிதத் தோலின் கதிர்வீசும் திறன் மிக உயர்ந்தது. முழுக் கரும்பொருள் ஒன்றின் திறனை 1 எனக் கொண்டால் தோலின் திறன் 0.98 அளவினது. கறுத்த மேனிக்கும் வெளுத்த மேனிக்கும் இதில் வேறுபாடு காண்பதரிது. நிற வேற்றுமை பாராட்டும் மாந்தர் இக்கருவியிடம் பாடங் கேட்கலாம்.

இனி, வெப்பத்துக்கும் குருதிக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். தோல் உடலின் போர்வை மாத்திரமன்று. வெப்பத்தை வெளியேற்றும் வாயிலும் அதுவே. உடலின் உட்பகுதியிற் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு குருதி தோலுக்கு வருகின்றது. அமைதியாக இருப்பவர் ஒருவரின் தோலில் நிமிடத்துக்குக் கால் லீற்றர் முதல் அரை லீற்றர் வரை குருதி பாயும். கடும் வெப்பத்தில் இஃது ஆறு, ஏழு லீற்றர் வரை பெருகவுங் கூடும். கடுங் குளிரிலோ, தோலின் சிறு நாடிகள் சுருங்கி, ஓட்டம் மிகவுங் குறையும். விரல், உள்ளங்கை, உள்ளங்கால், காது முதலியவற்றில் நாடியையும் நாளத்தையும் நேரே இணைக்கும் குறுக்கு வழிகள் பல உள. நரம்பின் கட்டளைப்படி அவை திறந்தும் மூடியும் வெப்பத்தை ஆளுகின்றன. ஆகையால், மற்றவை மாறாதிருக்க ஓரிடத்துத் தோல் வெம்மையுற்றால் அங்கே குருதி மிகுந்தது எனவும், தண்மையுற்றால் குறைந்தது எனவும் ஊகித்தல் கூடும்.

குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயுடையாரின் கையைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் வைத்தெடுத்து, அது மீண்டும் வெம்மையுறும் வேகத்தை வெப்பப் படத்தில் நோக்குவர். நலமுடையார் விரல் விரைவில் வெம்மையுறும். நோயுடையார் விரல் நெடுநேரம் தண்ணென்றே கிடக்கும். உடலின் ஓரிடத்துத் தசையையும் தோலையும் எடுத்து வேறோரிடத்தில் ஒட்டும் சத்திரசிகிச்சையாளரும், ஒட்டிய பகுதியிற் குருதி புகுந்ததா என்பதை இவ்வழியே கண்டுகொள்கின்றனர்.

இத்துணைச் சிறப்புக் கூறிய நாம், அதன் எல்லையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. இக்கருவி அளப்பது தோலின் வெப்பத்தையே, குருதியை அன்று. குருதி என்பது அவ்வெப்பத்திலிருந்து நாம் செய்யும் அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும்போதும் அது மூடுபனியோ எனத் தெளிதல் தருக்க நூலார் வேண்டும் ஒழுக்கம். அவ்வொழுக்கம் இங்கேயும் வேண்டும். குருதியோட்டம் மாறிய கணமே தோலின் வெப்பம் மாறுவதில்லை. சிறிது பிந்தியே மாறும். மின்விசிறியின் காற்றுப் பட்டால் தோல் குளிரும். வியர்வை ஆவியாகும்போதும் குளிரும். படியேறி வந்தவர், தேநீர் அருந்தி வந்தவர், வெயிலில் நின்று வந்தவர் ஆகியோரின் வெப்பம் வேறுபடும். நெற்றியிலே ஈரச் சந்தனம் அணிந்திருப்பாரை அளந்தால், சந்தனம் உலரும் தண்மையையே கருவி கூறும். எனவேதான், அளவிடுமுன் காலைத் திறந்துவைத்து, காற்றோட்டமில்லாத சீரான அறையில் கால் மணி நேரமளவு ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பர்.

கொழும்பிலே இவ்விதி இன்னும் இன்றியமையாதது. குளிர்நாட்டு அறையில் ஒருவர் காலும் மற்றொருவர் காலும் வெவ்வேறு அளவில் தண்மையுற்று வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். நம் நகரிலோ ஆண்டு முழுவதும் வெப்பம். கடற்காற்றில் ஈரம் மிகுதி. தோலின் குருதிக் குழாய்கள் பெரும்பாலும் விரிந்தே இருக்கும். அறையின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்க நெருங்கப் படம் மங்கும். பிறநாட்டார் வகுத்த எண்ணை அப்படியே பெயர்த்தெடுத்து நம்மவர் காலுக்கு விதித்தல் பொருந்தாது. நம் நாட்டு அறையில், நம் மக்களின் உடலில் அளந்து வகுத்த எண்களே நமக்கு வேண்டும்.

2020 ஆம் ஆண்டு பெருந்தொற்றுப் பரவியபோது காலி வீதிக் கடைகளின் வாயிலெங்கும் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானிகளைக் கண்டோம். குளிரூட்டிய வாகனத்தில் வந்திறங்கினவர் தண்மையராகவும், வெயிலில் நடந்து வந்தவர் காய்ச்சற்காரராகவும் அங்கே தோன்றியதுண்டு. நோய் தொற்றியும் காய்ச்சல் எழாதவர் எத்தடையுமின்றி உள்ளே சென்றனர். கருவி பொய் கூறவில்லை; அது தோலைப் பற்றிக் கூறியதை நாம் நோயைப் பற்றியதாகக் கேட்டோம்.

இதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்று மார்புப் புற்றுநோயின் வரலாற்றில் உளது. 1956 ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த றே லோசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோயுள்ள மார்பின் தோல் மிகு வெப்பம் காட்டுவதை வெளியிட்டார். பெரு நம்பிக்கை எழுந்தது. ஆனால் நோயிருந்தும் வெம்மை காட்டாதவரும், நோயின்றியே வெம்மை காட்டியவரும் பலராக இருந்தமையால் அந்நம்பிக்கை தளர்ந்தது. மார்பின் ஊடுகதிர்ப் படத்துக்கு மாற்றாக வெப்பப் படத்தைக் கொள்ளலாகாது என ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2011 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் மக்களை எச்சரித்தது. வலியில்லை, கதிர்ப் பயமில்லை, ஒரே படத்தில் எல்லா நோயும் தெரியும் என எவரேனும் விளம்பரஞ் செய்தால், நம் இல்லத்துப் பெண்மணிகள் அதனை நம்பி உரிய பரிசோதனையைக் கைவிடாதவாறு காத்தல் நம் கடமையாகும்.

அங்ஙனமாயின், இக்கருவிக்கு உரிய இடம் எது? நீரிழிவு நோயாளரின் பாதமே என்பது எம் துணிபு. அதற்கான காரணத்தைத் தமிழகத்திலிருந்தே தொடங்கலாம்.

கொல்லிமலையிற் பிறந்தவர் போல் பிராண்ட் என்னும் ஆங்கில வைத்தியர். 1946 ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்குப் பணி செய்தார். தொழுநோயாளரின் கைகால் தானே அழுகி விழுகின்றது என அன்று யாவரும் நம்பினர். பிராண்டும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து, நோய் நரம்பைக் கெடுத்தலால் நோவு தெரியாமற் போகின்றது, நோவு தெரியாமையால் அடிபட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் அடிபட்டு உறுப்புச் சிதைகின்றது எனக் காட்டினர். நோவும் ஒரு காவலாளி என்பது அவர் கண்ட உண்மை. 1966 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபின், நோவு தெரியாத பாதங்களை வெப்பப் படத்தால் ஆராய்ந்தார். புண் வாய்திறக்குமுன்னரே, அழுத்தமும் உராய்வும் மிகுந்த இடம் குருதி பெருகி வெம்மையுற்றுப் படத்தில் ஒளிர்வதைக் கண்டார். காலுக்குடையவர் அறியாத நோவைப் படம் அறிந்து கூறியது. தொழுநோயாளரிடம் கண்ட இவ்வுண்மை, நரம்பு கெட்ட நீரிழிவு நோயாளருக்கும் அப்படியே பொருந்தியது.

தமிழகத்தில் இவ்வாராய்ச்சி பின்னரும் தொடர்ந்தது. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார், உலோகக் குழாய்களிலும் இயந்திரங்களிலும் பழுது காண்பதற்குக் கைக்கொண்ட வெப்பப் படக்கலையை மனித உடலுக்கும் பயன்படுத்தினர். 2009 ஆம் ஆண்டில் அவர்களும் சென்னை வைத்தியர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, கைகால்களிற் குருதியோட்டம் மந்தமான இடங்கள் ஏனைய இடங்களினும் ஏறக்குறைய 0.7 முதல் 1 பாகை வரை வெப்பமாக இருந்தன எனக் கூறிற்று. 2010 ஆம் ஆண்டில், சென்னை நீரிழிவு நிபுணர் வி. மோகன் முதலானோருடன் இணைந்து 112 நோயாளரின் உள்ளங்கால்களைப் படம்பிடித்தனர். நரம்பு கெடாதவர் பாதம் 27 முதல் 30 பாகை வரையும், நரம்பு கெட்டவர் பாதம் 32 முதல் 35 பாகை வரையும் இருக்கக் கண்டனர்.

இம்முடிவை வாசகர் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். வெம்மை மிக்க பாதம் நல்ல குருதியோட்டமுள்ள பாதம் எனச் சற்றுமுன் கூறிய கணக்கு இங்கே தவறிவிடுகின்றதன்றோ? நீரிழிவால் நரம்பு கெடும்போது குருதிக் குழாய்களை ஆளும் நரம்பும் கெடுகின்றது. முன்னர்க் கூறிய குறுக்கு வழிகள் மூட ஆளின்றித் திறந்தே கிடக்கின்றன. குருதி தசைக்கும் தோலுக்கும் உணவூட்டாமலே நாடியிலிருந்து நாளத்துக்கு ஓடிவிடுகின்றது. வாய்க்கால் நிறைய நீர் ஓடியும் வயலுக்குப் பாயாதது போன்றது இது. அத்தகைய பாதம் தொட்டால் வெம்மையாக இருக்கும், நாடித்துடிப்பும் தெரியும், ஆயினும் அது நலமுள்ள பாதமன்று. மறுபுறம், பெருநாடி அடைபட்ட பாதமோ பெரும்பாலும் தண்ணென்றிருக்கும். ஒரே நோய் சூட்டையும் தரும், குளிரையும் தரும். ஆதலால் வெப்பப் படம் ஒரு சாட்சியே. தீர்ப்புக் கூற வேண்டியவர் வைத்தியர். சாட்சியை விசாரியாது தீர்ப்பளித்தலும் தவறு. சாட்சியை அழைக்காமலே விடுதலும் தவறு.

இச்சாட்சியாற் பயனுண்டு என்பதற்குச் சான்று காட்டுவோம். ஐக்கிய அமெரிக்காவில் முன்னரே காற்புண் வந்து மாறிய 173 நீரிழிவு நோயாளரை மூன்று பிரிவாகப் பிரித்து 15 மாதங்கள் நோக்கினர். ஒரு பிரிவினர் வீட்டிலேயே செந்நிறக் கீழ்க்கதிர் வெப்பமானியால் இரு பாதங்களிலும் ஒத்த இடங்களை நாடோறும் அளந்து ஒப்பிட்டனர். ஓரிடத்தில் ஏறக்குறைய 2.2 பாகைக்கு மேல் வேறுபாடு கண்டால், நடையைக் குறைத்துத் தாதியாருக்கு அறிவித்தனர். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, மற்ற இரு பிரிவினரிலும் நூற்றுக்கு முப்பதின் மருங்காகப் புண் மீண்டும் வந்தது. அளந்து ஒழுகிய பிரிவினரில் அது நூற்றுக்கு 8.5 ஆகக் குறைந்தது. நெதர்லாந்தில் நிகழ்ந்து 2021 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இத்துணைத் தெளிவான பயனைக் காட்டவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அங்கேயும், சூடு கண்டபோது நடையைக் குறைத்தவர் பயன்பெற்றனர். அளவை மட்டும் குறித்துக்கொண்டு வழக்கம்போல் நடப்பாரைக் கருவி எவ்வாறு காக்கும்?

நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடாத்தப்பெற்ற ஆய்வு ஒன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனவும், நகரவாசிகளில் அது 16.4 எனவும் கண்டது. வெள்ளவத்தை மாடிமனைகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இந்நோயில்லாத குடும்பத்தை எண்ணிக் காண்பது எளிதன்று. திருமண வீட்டுப் பந்தியிலே "எனக்குச் சலரோகம், பாயசம் வேண்டாம்" என்னும் குரல் நமக்குப் பழகிப்போயிற்று. பாயசத்தை மறுக்கும் அதே பெரியவர் தம் உள்ளங்காலைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என வினவினால் விடை கூறமாட்டார்.

நம் சமய வாழ்வும் வெறுங்காலோடு பிணைந்தது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றளத்தில் நண்பகலில் வலம் வருவாரையும், ஆடிவேல் விழாவிலே தார் வீதியில் வெறுங்காலுடன் தேரைத் தொடர்வாரையும் நாம் அறிவோம். நரம்புள்ள காலுக்குச் சூடு சுடும். அடியார் விரைந்து நிழலுக்கு ஒதுங்குவர். நரம்பு கெட்ட காலுக்குச் சுடாது. கொப்புளமாகி, உடைந்து, காலுறையில் நீர் பட்டபின்னரே தெரியவரும். அவ்வாறு தொடங்கிய புண் விரலையும், பின்னர்க் காலையும் கொண்டுபோதல் நம் ஊர் வைத்தியசாலைகளில் அரிதான செய்தியன்று. வழிபாட்டை விடுக என்று நாம் கூறவில்லை. கல் சுடுமுன் காலைப் பூசைக்குச் செல்க; வீடு திரும்பியதும் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்க்க என்றே கூறுகின்றோம்.

"2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துக்கே தட்டுப்பாடு கண்ட நாட்டுக்கு வெப்பப் படக்கருவி ஓர் ஆடம்பரமன்றோ?" எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. நுண்ணிய கருவியின் விலை பெரிது என்பது மெய். ஆனால் மேலே கூறிய 173 பேரின் ஆய்வில் உதவியது பெருவிலைக் கமரா அன்று, கையடக்கமான வெப்பமானியே. கைத்தொலைபேசியோடு பொருத்தும் சிறு வெப்பக் கமராக்களும் இக்காலத்தில் உள. அன்றியும், ஒரு காலை இழந்த குடும்பத் தலைவரின் வருமானத்தையும், அவரைப் பேணும் மனையாளின் உழைப்பையும், பொய்க்காலின் விலையையும் கூட்டிப் பார்த்தால் எது ஆடம்பரம் என்பது தெற்றென விளங்கும்.

விழாக் கால நன்கொடைகளுள் நுழைவாயிலும் பெயர்ப்பலகையும் எளிதில் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு இன்னொன்றையும் சங்கத்தார் சிந்திப்பாராக. ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று முற்பகலைப் பாத பரிசோதனைக்கு ஒதுக்கலாம். பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். நைலோன் இழையால் உணர்ச்சியைச் சோதித்தலும், பாத நாடியைத் தொட்டறிதலும், வெப்பமானியால் இரு பாதங்களை ஒப்பிடுதலும் ஒருவருக்குச் சில நிமிட வேலையே. ஐயத்துக்குரியாரை உரிய சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். பெற்றாரையும் அயலவரையும் அழைத்து வரலாம். ஆண்டுதோறும் குறித்து வைத்தால், கொழும்பின் வெப்பத்தில் நம்மவர் பாதத்தின் இயல்பான அளவு எது என்பதற்கும் ஒரு தொடக்கம் கிட்டும்.

மாணவர்க்கும் இதில் வேலையுண்டு. பௌதிக நூலில் கதிர்ப்பைப் படித்து, உயிரியல் நூலில் குருதிக் குழாயைப் படித்து, இரண்டும் தம் கையிலேயே சந்திக்கின்றன என்பதை அறியாமற் பரீட்சை எழுதுவோர் பலர். குளிர்ந்த நீரில் வைத்தெடுத்த கை மீண்டும் வெம்மையுறுவதை நிமிடத்துக்கொரு முறை அளந்து வரைபு கீறுக. விசிறியைச் சுழலவிட்டு அளக்க, நிறுத்தி அளக்க. ஒரே கையின் வரைபு இரண்டு விதமாக வருவதைக் கண்ட மாணவன், கருவி கூறும் எண்ணை எவ்வளவு நம்புவது என்னும் பெரும் பாடத்தைக் கற்றவனாவான். ஆசிரியப் பெருந்தகைகள் இதற்கு ஆய்வுகூடத்தில் இடமளிப்பாராக.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவே, நீரிழிவுள்ள தந்தையாரின் இரு பாதங்களையும் மகன் புறங்கையாற் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒன்று மற்றையதினும் சூடாகவோ, சிவந்தோ, வீங்கியோ, அல்லது தண்ணென்றோ இருந்தால் விடிந்ததும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். பெரியோரின் பாதத்தைத் தொட்டு வணங்குதல் நம் முன்னோர் வகுத்த வழக்கம். தொடும் கை சிறிது நின்று, அப்பாதத்தின் வெம்மையையும் அறிந்து எழுமாயின், அவ்வணக்கம் இன்னும் நிறைவுடையதாகும்.